மனப்பாடத்திலிருந்து மனோதர்மத்துக்கு: வெஸ் மான்ட்கோமரி குறித்த நிகழ்வு ஆய்வு

கிட்டார் கற்பவர்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். பென்டடானிக் ஸ்கேலின் (ஐந்து சுர வரிசை) ஐந்து வடிவங்களும் கைக்கு வந்திருக்கும். யூடியூபில் பேக்கிங் டிராக் (துணை வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பதிவு) ஓடவிட்டு வாசித்தால் தப்பு நோட்டு ஒன்றும் விழாது. ஆனாலும் கேட்கிறவருக்கு அது சோலோவாக, அதாவது ஒருவர் தனித்துக் கற்பனையாக வாசிக்கும் பகுதியாக, படாது. விரல் ஏறி இறங்குவது மட்டும்தான் கேட்கும். வாசிப்பவருக்கும் இது தெரியும். உடனே டோரியன், மிக்ஸோலிடியன் என்று அடுத்த ஸ்கேலைத் தேடிப் போவார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஏற்றம், அதே இறக்கம், நோட்டுகள் மட்டும் வேறு.

இந்தத் தேக்கத்தைப் புரிந்துகொள்ள வெஸ் மான்ட்கோமரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 1923 மார்ச் 6 அன்று பிறந்தவர். ஜார்ஜ் பென்சன், பாட் மெதீனி என்று அவருக்குப் பின் வந்த பெரிய ஜாஸ் கிட்டார்காரர்களில் அவரிடமிருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாதவரைக் காண்பது அரிது. அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. முறையான ஆசிரியர் கிடையாது. ஆறு தந்தி கிட்டாரில் மும்முரமாக இறங்கியதே இருபது வயதையொட்டித்தான். பிறவி மேதை என்று சொல்லிக் கடந்துவிடத் தோதான கதை. ஆனால் அவர் எப்படிக் கற்றார் என்பதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டால் மேதைமையைவிட ஒரு வழிமுறைதான் கண்ணில் படுகிறது.

ஒரே ஒருவரின் சோலோக்கள்

பன்னிரண்டு வயதில் அண்ணன் மங்க் ஒரு நாலு தந்தி டெனர் கிட்டாரை வாங்கிக் கொடுத்திருந்தார். வெஸ் அதில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். திருமணமான புதிதில், 1943 வாக்கில், சார்லி கிறிஸ்டியனின் 'சோலோ ஃப்ளைட்' காதில் விழுந்தது. கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவோடு 1941இல் பதிவானது. அதைக் கேட்டபின்தான் ஆறு தந்தி கிட்டாரும் ஓர் ஆம்பும் (ஒலிபெருக்கி) வாங்கினார்.

கிறிஸ்டியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1939இல் குட்மன் குழுவில் சேர்ந்து, 1942 மார்ச்சில் காசநோயால் இறந்துபோனவர். வயது 25. அதுவரை பெரிய குழுக்களில் கிட்டார் பெரும்பாலும் தாளத்துக்குக் கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) தட்டும் கருவிதான். பித்தளை வாத்தியங்களுக்கு நடுவே அதன் ஒற்றை நோட்டு எடுபடாது. மின்கிட்டார் வந்ததும் அது மாறியது. கிறிஸ்டியன் அதில் சாக்ஸபோன்காரர் மூச்சு விடுவதைப் போலச் சொற்றொடர் சொற்றொடராக வாசித்தார். லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவருக்குப் பெரிய ஆதர்சம். கையை விட்டுக் காதைப் பின்தொடர்ந்த வாசிப்பு என்பதால், கற்பவருக்கு அவர் பொருத்தமான பாடம்.

வெஸ் அந்த சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு, நோட்டுக்கு நோட்டு எடுத்தார். முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். அன்றைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். அதிலும் கிறிஸ்டியனுக்குக் கிடைப்பது பல பாட்டுகளில் 16 பார் அல்லது 32 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு சுற்று). ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்க அது வசதி. இன்றைக்கு ஒருவர் எட்டு நிமிட சோலோவை எடுக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு, டேப் (விரல் வைக்கும் இடத்தை எண்களால் காட்டும் குறிப்பு) தேடிப் போவதை நினைத்தால் இந்தச் சின்ன அளவின் அருமை புரியும்.

அவர் பத்துப் பேரை எடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே ஒருவர். ஒருவரின் இருபது சொற்றொடர்கள் உள்ளே போனால் அவற்றுக்குள் ஓர் உறவு இருக்கும். எது எதற்குப் பதில், எங்கே தொடங்கி எங்கே விடுகிறார் என்பது பிடிபடும். இருபது பேரிடமிருந்து ஆளுக்கு ஒரு லிக் (சின்னச் சொற்றொடர்) பொறுக்கினால் அது கிடைக்காது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்து லிக் சேர்ப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

சரக்கு தீர்ந்த மேடை

கொஞ்ச நாளிலேயே உள்ளூர் கிளப் ஒன்றில் வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால், கிறிஸ்டியனின் சோலோக்களை அப்படியே வாசிப்பது. பாட்டு வரும், எழுந்து வாசிப்பார், முடிந்ததும் உட்கார்ந்துவிடுவார். வேறு எதுவும் வாசிக்கத் தெரியாது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இந்த ஆய்வின் மையம் இந்த மேடைதான். மனப்பாடம் செய்வது கற்பனையைக் கொன்றுவிடும் என்று ஒரு கட்சி உண்டு. வெஸ் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். மனப்பாடம் செய்தது நிறைய இருந்ததால் மேடை கிடைத்தது. மேடையில் அந்தச் சரக்கு தீர்ந்துபோனதால் அடுத்து என்ன என்ற கேள்வி வந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அந்தக் கேள்வி வராது; சோலோ முடிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மேடையில் டிரம்ஸ்காரர் நிறுத்த மாட்டார். இன்னொரு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) வந்துகொண்டே இருக்கும். அதை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். கையில் இருப்பதோ கிறிஸ்டியனின் வாக்கியங்கள். அவற்றை வெட்டி, ஒட்டி, தொடக்கத்தை மாற்றி, முடிவை நீட்டித்தான் ஆக வேண்டும். பேச்சு பழகும் குழந்தையும் கேட்ட வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றித்தானே முதலில் சொந்தமாகப் பேசுகிறது.

1948 முதல் 1950 வரை லயனல் ஹாம்ப்டனின் பெரிய குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். அதில் அவருக்குத் தனியாக வாசிக்க அதிக இடமில்லை. குடும்பத்தைப் பிரிந்திருக்க முடியாமல் இண்டியானாபொலிஸுக்கே திரும்பிவிட்டார்.

கட்டைவிரல்

வெஸ் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகடு) விட்டுவிட்டவர். வலது கைக் கட்டைவிரலின் சதையால் தந்தியைத் தட்டினார். இதற்கு அவரே சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: ராத்திரியில் ஆம்பைப் போட்டுப் பயிற்சி செய்தால் சத்தம் தாங்கவில்லை என்று புகார். பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பார்த்தார். சத்தம் அடங்கியது, தொனியும் பிடித்துப்போனது. அப்படியே இருந்துவிட்டார்.

கட்டைவிரலின் தொனி இளசாக, உருண்டையாக இருக்கும் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பிக்கால் மேலும் கீழும் மாறி மாறி அடிப்பதுபோல் கட்டைவிரலால் அடிக்க முடியாது. பெரும்பாலும் கீழ்நோக்கிய தட்டல்தான். ஆகவே கண்மண் தெரியாத வேகம் இயல்பாகவே தடைபடுகிறது. எந்த நோட்டை வாசிப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வெஸ் மெதுவாக வாசித்தவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பின்னால் வரும் 1960 பதிவில் உள்ள வேகமான பாட்டுகளைக் கேட்டால் கட்டைவிரலால் இப்படியும் முடியுமா என்றிருக்கும். ஆனால் எவ்வளவு வேகத்திலும் சொற்றொடருக்கு நடுவே மூச்சு விட இடம் இருக்கும்.

அடுத்தது ஆக்டேவ். ஒரே நோட்டை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசிப்பது. ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்திலுள்ள உலோகக் கட்டு) ஆள்காட்டி விரலை வைத்தால் ஜி. நாலாவது தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் மோதிர விரலோ சுண்டு விரலோ வைத்தால் மேல் ஜி. நடுவிலுள்ள ஐந்தாவது தந்தி ஒலித்தால் எல்லாம் கெட்டது. அதனால் ஆள்காட்டி விரலின் சதைப்பகுதி அதை லேசாகத் தொட்டு ஊமையாக்க வேண்டும். மற்றத் தந்திகளையும் அப்படியே அடக்கிவைத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரே தட்டு. நாலாவது தந்தியையும் இரண்டாவதையும் சேர்த்துப் பிடிக்கும்போது இரண்டு ஃப்ரெட் இடைவெளி மூன்றாகிவிடும். இந்த அச்சைக் கலையாமல் ஃப்ரெட்போர்டு முழுக்க இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், தாளம் தப்பாமல். ஆக்டேவ் பயிற்சி செய்தபோதெல்லாம் தலைவலி வந்தது என்று வெஸ்ஸே சொல்லியிருக்கிறார். வாசித்துப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

மிசைல் ரூம்

1950களில் அவருடைய அன்றாடம் கேட்பதற்கே மலைப்பாக இருக்கும். பகலில் தொழிற்சாலை வேலை. சாயங்காலம் கொஞ்சம் தூக்கம். இரவு ஒரு பாரில் வாசிப்பு. அது மூடியதும் விடியும்வரை மிசைல் ரூம் என்ற இடத்தில் மறுபடி வாசிப்பு. வீட்டில் பெரிய குடும்பம். பகல் வேலையை விட முடியாது.

இதை உழைப்பால் உயர்ந்தார் என்ற சுவரொட்டியாக்க எனக்கு மனமில்லை. அந்த வாழ்க்கையை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. ஆனால் கற்றல் கோணத்தில் பார்த்தால் ஒன்று தெரிகிறது. அவர் செய்த பயிற்சியில் பெரும்பங்கு மற்றவர்களோடு, கேட்பவர்கள் முன்னால் நடந்திருக்கிறது. ராத்திரிக்கு ராத்திரி அதே பாட்டுகள், அதே ஆட்கள். நேற்று எடுபட்டது இன்று எடுபடவில்லையா, ஏன் என்று யோசிக்க இன்றைக்கே இன்னொரு வாய்ப்பு.

அப்புறம் அந்த ஊர். அண்ணன் மங்க் பேஸ் வாசித்தார். மின்பேஸை ஜாஸுக்குள் கொண்டுவந்த முதல் ஆட்களில் ஒருவர். தம்பி பட்டி பியானோவும் வைப்ரஃபோனும் வாசித்தார். டிராம்போன் மேதை ஜே. ஜே. ஜான்சன் அதே ஊர்க்காரர். டிரம்பெட் வாசித்த ஃபிரெடி ஹப்பர்ட் அங்கேதான் வளர்ந்தார். கறுப்பின மக்களின் கிளப்புகள் வரிசையாக இருந்த இண்டியானா அவென்யூ இவர்களின் பள்ளிக்கூடம். தானாகக் கற்றவர் என்று வெஸ்ஸைச் சொல்வது ஒரு பாதி உண்மை. மறுபாதியில் ஒரு தெருவே இருக்கிறது.

1959இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அங்கே வந்து வெஸ்ஸைக் கேட்டுவிட்டு, ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தின் ஆரின் கீப்நியூஸிடம் போய்ச் சொன்னார். கீப்நியூஸ் இண்டியானாபொலிஸுக்கே வந்து கேட்டு, ஒப்பந்தம் போட்டார். அப்போது வெஸ்ஸுக்கு வயது 36.

1960 ஜனவரி: சோலோவின் கட்டுமானம்

நியூயார்க்கில் ஜனவரி 26, 28 ஆகிய இரு நாட்களில் பதிவானது 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மான்ட்கோமரி'. பியானோ டாமி ஃப்ளனகன், பேஸ் பெர்சி ஹீத், டிரம்ஸ் ஆல்பர்ட் ஹீத். அவர் கட்டிய சோலோவின் அமைப்பை இதில் தெளிவாகக் கேட்கலாம். முதலில் ஒற்றை நோட்டு வரிகள். சில கோரஸ் கழித்து ஆக்டேவ். கடைசியில் பிளாக் கார்டு, அதாவது மெட்டின் ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே முழுக் கார்டு. மூன்றடி எண்ணிக்கையில் போகும் 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' இதற்கு நல்ல உதாரணம்.

இதை மூன்று மாடி என்று எண்ணி, அடுக்கடுக்காக வித்தையைக் காட்டுகிறார் என்று நினைப்பது எளிது. உள்ளே இன்னொன்று நடக்கிறது. ஒற்றை நோட்டில் விரல் ஓடலாம். ஆக்டேவில் அவ்வளவு ஓட முடியாது. ஆகவே வரி தானாகச் சுருங்கி, பாடக்கூடிய மெட்டாகிவிடும். பிளாக் கார்டில் இன்னும் குறையும். கிட்டத்தட்டத் தாளச் சொற்கட்டு மட்டும் மிஞ்சும். சோலோ மேலே போகப் போக நாதம் தடிக்கிறது, நோட்டுகளோ குறைகின்றன. கச்சேரியில் கற்பனைச் சுரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும். அங்கே கீழ்க்காலத்தில் தொடங்கி மேல்காலத்துக்குப் போய், நெருங்கி நெருங்கிக் கோர்வையில் உச்சம். இங்கே நோட்டு குறைந்துதான் உச்சம். நிறைய வாசித்தால்தான் சூடு பிடிக்கும் என்று நம்பும் கிட்டார்காரர்கள் இதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஒற்றை நோட்டு வரிகளுக்குள்ளும் ஒரு சிக்கனம் உண்டு. ஜி மைனர் செவன் கார்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேலை ஜி-யிலிருந்து ஏறாமல், மூன்றாவது சுரத்திலிருந்து அடுக்குவது: பி ஃப்ளாட், டி, எஃப், ஏ. ஜி-யைப் பேஸ்காரர் பார்த்துக்கொள்வார். கிட்டாரில் ஒன்பதாவது சுரமான ஏ-யின் நிறம் கிடைத்துவிடும். அடுத்த பாரில் சி செவன் வந்தால் பலர் வேறு ஸ்கேலுக்குத் தாவுவார்கள். வெஸ் பல இடங்களில் தாவுவதில்லை. அந்த ஜி மைனர் எண்ணத்தையே சி செவன் மேலும் தொடர்வார். அதே நான்கு நோட்டுகள் இப்போது சி-யின் ஏழு, ஒன்பது, பதினொன்று, பதிமூன்று ஆகிவிடும். விரல் மாறாது, அர்த்தம் மாறும். நூறு ஸ்கேல் தெரிவதைவிட ஒரு சொற்றொடருக்கு எத்தனை கார்டு பொருந்தும் என்று தெரிவது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே அவருக்கு தியரி தெரியாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தாளில் எழுதத் தெரியாது, உண்மை. கார்டு எங்கே போகிறது என்பது காதிலும் கையிலும் துல்லியமாக இருந்தது. 1961இல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவோடு மேடையேறியவருக்கு அது இல்லாமல் ஒரு பார்கூடத் தாங்கியிருக்காது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது

வீட்டில் இருந்தபடியே இதில் பாதியைச் செய்யலாம். 16 பார் சோலோ ஒன்றை எடுங்கள். டேப் வேண்டாம். யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைப்பதில் தப்பில்லை. ஆனால் கிட்டாரைத் தொடும் முன் வாயால் பாட வர வேண்டும். சுருதி முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, எங்கே நிறுத்துகிறார் என்பது வந்துவிட வேண்டும். பிறகு பதிவோடு சேர்ந்து வாசித்து, உங்கள் கிட்டார் எது, தட்டு எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒட்ட வேண்டும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எடுத்த சோலோவை இரண்டு பார் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டை அப்படியே வாசித்துவிட்டு, அடுத்த இரண்டு பாருக்கு உங்கள் பதில். பதில் வரவில்லையென்றால் சும்மா இருங்கள், ஆனால் தாளம் ஓடிக்கொண்டிருக்கட்டும். சில நாளில் அந்த வெற்றிடம் உறுத்தத் தொடங்கும். அப்போது வருவதுதான் உங்களுடையது. அதன்பின் துண்டின் முதல் பாதியை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் மாற்றுவது, ஒரு அடி தள்ளித் தொடங்குவது, வேறு சுருதியில் வாசிப்பது என்று போகலாம். 12 பார் ப்ளூஸில் இதற்குத் தயாராகவே ஓர் அமைப்பு இருக்கிறது: முதல் நான்கு பாரில் ஒன்றைச் சொல், அடுத்த நான்கில் அதையே கார்டுக்கேற்பக் கொஞ்சம் மாற்றிச் சொல், கடைசி நான்கில் பதில் சொல்.

தடை போட்டுக்கொள்வதும் அப்படித்தான். கட்டைவிரலால் வாசித்தால் எல்லோரும் வெஸ் ஆகிவிட முடியாது. மணிக்கட்டு வலிதான் மிச்சமாகும். ஆனால் ஒரு கோரஸ் முழுக்க இரண்டே தந்தியில், அடுத்த கோரஸ் ஆக்டேவில் மட்டும் என்று வைத்துக்கொண்டால் வேகத்தில் ஒளிந்துகொள்ள வழியிருக்காது. கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்பது நல்லது. அன்றைக்கே கேட்டால் வாசித்த மயக்கம் இன்னும் இருக்கும்.

வீட்டில் கிடைக்காதது சக கலைஞர்கள். பேக்கிங் டிராக் நீங்கள் வாசிப்பதைக் கேட்பதில்லை. நீங்கள் ஆக்டேவுக்கு ஏறியதும் டிரம்ஸ்காரர் சிம்பலை மாற்றுவது, நீங்கள் விட்ட இடத்தில் பியானோ நுழைவது, இதெல்லாம் ஆள் இருந்தால்தான் நடக்கும். வாரத்துக்கு ஒருமுறை சுமாராக வாசிக்கும் இரண்டு நண்பர்கள் கிடைத்தாலும் போதும், எந்தச் செயலியையும்விட மேல்.

பிற்காலம்

1964க்குப் பிறகு தயாரிப்பாளர் கிரீட் டெய்லரோடு செய்த ஆல்பங்களில் பலவற்றில் பெரிய வாத்தியக் குழு, பிரபலப் பாட்டுகள், மெட்டை ஆக்டேவில் இனிமையாக வாசிப்பது என்று ஆகிவிட்டது. நன்றாக விற்றன, கிராமி விருதும் கிடைத்தது. பெரிய குடும்பத்தைத் தாங்கியவரை அதற்காகக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சோலோ கற்பவருக்கு அவற்றில் பாடம் குறைவு. மேலே சொன்ன கட்டுமானத்தின் நடுத்தளம் மட்டும் தனியாக நிற்கிறது. அதே காலத்தில் மேடையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு 1965 ஜூனில் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் பியானோ கலைஞர் வின்டன் கெல்லி குழுவோடு வாசித்த பதிவு சாட்சி. அதில் 'நோ ப்ளூஸ்' ஏறக்குறைய 13 நிமிடம். மூன்று வருடம் கழித்து, 1968 ஜூன் 15 அன்று, மாரடைப்பால் இண்டியானாபொலிஸில் காலமானார். வயது 45.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வெஸ்ஸை எடுத்தவுடன் பிரதியெடுக்க வேண்டாம் என்பேன். அவருடைய சோலோக்கள் நீளம், ஆக்டேவும் பிளாக் கார்டும் கையை ஒடிக்கும். அவர் தொடங்கிய சார்லி கிறிஸ்டியனே இன்றும் பொருத்தம்: குட்மன் ஆறுபேர் குழுவின் பதிவுகளில் சின்னச் சின்ன சோலோக்கள், பெரும்பாலும் கைக்கு அடங்கிய வேகம், ஒற்றை நோட்டு மட்டும். அவற்றில் மூன்று நன்றாக வந்தபிறகு 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' கேளுங்கள். முதல் சில கோரஸை மட்டும் எடுங்கள். ஆக்டேவ் தொடங்கும் இடத்தில் பதிவை நிறுத்திவிட்டு, அதற்குமேல் நீங்கள் வாசியுங்கள்.